வெர்னாவின் சுருள் திருடன்

வெர்னா என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா. ரிட்டையர் ஆகும்வரை எங்கள் கரையில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். கடைசி சீட்டில் ஒருவன் மிட்டாய்த் தாளைப் பிரித்தால்கூடத் திரும்பிப் பார்க்காமலே அவன் பெயரைச் சொல்லி அதட்டுவாள். அவள் பேருந்தில் போய்ப் படித்தவர்கள் இன்றைக்குத் தாத்தா ஆகிவிட்டார்கள். ஆனாலும் எதிரே அவளைப் பார்த்துவிட்டால் வாயில் இருக்கும் சூயிங்கத்தை விழுங்கிவிடுவார்கள்.

அப்படிப்பட்டவளிடம் ஒருவன் வருஷக்கணக்காகத் திருடினான். அந்தக் கதையைச் சொல்ல என்னைவிட்டால் ஆள் கிடையாது. வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் ஃபெரியை ஓட்டுகிறவன் நான். யார் எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு எதற்குப் போகிறார்கள் என்பது அவரவர் மனைவிக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும். தெரிந்ததை வெளியே சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தால் ஊரில் பாதிப் பேர் பாலம் கட்டச் சொல்லி மனு போட்டுவிடுவார்கள்.

அவள் பறிகொடுத்தது சுருள். வசந்தத்தில் பனி உருகி, எங்கள் செயின்ட் ஜான் ஆறு தீவுகளை மூழ்கடித்துவிட்டு வடியும். வடிந்த வண்டலில் பெரணிச் செடிகள் தூர் தூராகத் தலை நீட்டும். இலை விரிவதற்கு முன், பிடில் வாத்தியத்தின் தலையைப் போலச் சுருண்டு நிற்கும் குருத்தைத்தான் நாங்கள் அறுத்துச் சமைக்கிறோம். வெயில் நன்றாக அடித்தால் இரண்டொரு நாளில் விரிந்துவிடும். விரிந்ததை மாடுகூடச் சீண்டாது. அதனால் அந்தச் சில நாட்களில் ஊரே கொஞ்சம் பித்துப் பிடித்துத்தான் அலையும்.

அறுக்கும் இடத்தை மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டோம். ரப்பர் பூட்ஸில் சேற்றோடும் கையில் மூட்டையோடும் வருகிறவனிடம் எங்கே போனாய் என்று கேட்டால், "சர்ச்சுக்கு" என்பான். கேட்டவனும் தலையாட்டிவிட்டுப் போவான். வெர்னாவின் இடம் ஊசித்தீவின் கீழ்முனையில், ஆல்டர் புதருக்குப் பின்னால் இருந்தது. அவள் அம்மா சாகும்போதுதான் அதை அவளிடம் சொன்னாள். புருஷனிடம் சொல்லாதே என்றும் சேர்த்துச் சொன்னாள். புருஷனுக்குத் தம்பிகள் உண்டு, தம்பிகளுக்கு வாய் உண்டு என்பது பெரியம்மாவின் கட்சி.

புருஷன் டெல்பர்ட் அத்தான், நெடுஞ்சாலையில் பனி வாரும் லாரி ஓட்டியவர். குண்டானவர். நிதானமானவர். கோபம் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் ரகம். ஒவ்வொரு வருஷமும் வெள்ளம் வடிந்ததும் அக்காவிடம் கேட்பார்.

"வெர்னா, இந்த வருஷமாவது சொல்லேன். கட்டின புருஷன் கேக்கறேன்."

"கட்டினப்ப வீட்டைப் பாத்துக்கறேன்னுதான் சொன்னேன். தீவைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

"ஓ, தீவா?"

இப்படி ஒரு வார்த்தை வாய் தவறி விழுந்ததற்காக அவள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆற்றில் தீவுகளுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அத்தானுக்குப் பொறுமைக்கும் குறைச்சல் இல்லை. அடுத்த வருஷம் வெள்ளம் வடிந்ததும், விடியற்காலையில் ஒரு பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் ஃபெரியில் ஏறினார். இக்கரைக்கும் அக்கரைக்குமாக மதியம்வரை என்னோடு போய் வந்தார். காப்பி கொடுத்தேன், பிஸ்கட் கொடுத்தேன். இறங்குகிற வழியைக் காணோம். கடைசியில் அக்காவின் தகரப் படகு ஊசித்தீவின் புதருக்குள் நுழைந்தது.

"ஹாலிஸ், நீ ஒண்ணும் பாக்கல," என்றார்.

"எதை அத்தான்?"

"அதான். அப்படியே இரு."

அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. அவர் அக்கரையில் ஒரு சிநேகிதன் வீட்டுக் களஞ்சியத்தில் தோணி ஒன்றை மறைத்து வைத்தார். அக்கா காலையில் போய் அறுத்துவிட்டு வந்தால், இவர் சாயங்காலம் ஆணி வாங்கப் போகிறேன் என்று தன் சின்ன லாரியோடு ஃபெரியில் அக்கரை போவார். அங்கிருந்து தோணியில் தீவுக்குப் போய், மறுநாளைக்கு என்று அக்கா விட்டுவைத்த தூர்களில் பாதியை அறுப்பார். வரும்போது லாரி சீட்டுக்கு அடியில் மூட்டை இருக்கும். ஆணியும் இருக்கும். அந்த வீட்டில் இப்போது இருக்கிற ஆணிக்கு இன்னொரு வீடே கட்டலாம்.

அந்த வருஷம் அக்கரைத் தீயணைப்புக் கூடத்து விருந்துக்கு அவர் தனியாக ஒரு பானை கொண்டுவந்தார். இந்த விருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஊர் மொத்தமும் கூடும். பன்றித் தொடைக்கறி, பீன்ஸ், உருளைக்கிழங்கு, பன் எல்லாம் உண்டு. ஆனால் அவையெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான். ஜனங்கள் வருவது சுருளுக்கு. யார் பானை முதலில் காலியாகிறதோ அவர் அடுத்த மே வரைக்கும் தெருவில் கொஞ்சம் மெதுவாக நடக்கலாம். வெர்னாவின் பானைதான் எப்போதும் முதலில் காலியாகும்.

அவள் கைப்பக்குவம் அப்படி. ஒவ்வொரு சுருளாக எடுத்துப் பழுப்புச் சருகைக் கட்டை விரலால் தேய்த்து எடுப்பாள். தண்ணீர் தெளியும்வரை அலசுவாள். கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கால் மணி நேரம் நன்றாக வேகவிடுவாள். கறுத்துப்போன அந்தத் தண்ணீரை அப்படியே கொட்டிவிடுவாள். அரைவேக்காட்டில் தின்றால் குடல் வெளியே வருகிற மாதிரி இருக்கும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் எங்கள் ஊரில் நிறைய. பிறகு வெண்ணெய், உப்பு, அவ்வளவுதான். வேறு எதைச் சேர்ப்பதும் சுருளை அவமானப்படுத்துவது என்பாள்.

அத்தான் பக்குவம் நேர் எதிர். சருகு எடுக்க அவருக்குப் பொறுமை இல்லை. சுருளைத் தலையணை உறையில் போட்டுக் கட்டி, துணி உலர்த்தும் மிஷினில் சூடு இல்லாமல் சுற்றவிடுவார். சருகெல்லாம் உதிர்ந்துவிடும். உதிர்ந்தது அக்காவின் வெள்ளை ரவிக்கையில் ஜூன் மாதம்வரை ஒட்டிக்கொண்டு சர்ச்சுக்கு வரும். வேகவைப்பதில் மட்டும் அவள் சொன்ன கணக்கை மீற மாட்டார். பிறகு உப்புப் பன்றிக்கறியைத் துண்டு போட்டுக் கொழுப்பு உருகும்வரை வறுத்து, வெங்காயம் போட்டு, சுருளைக் கொட்டிக் கிளறி, இறக்கும்போது வினிகர் விடுவார். வாசனை ஆற்றைத் தாண்டும்.

அன்று அவர் பானை முதலில் காலியானது. வெர்னா ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள்.

"எந்த இடத்துல அறுத்தே?"

"உன் இடத்தைச் சொல்லு, என் இடத்தைச் சொல்றேன்."

"வேணாம்ப்பா. மண்ணு மட்டம். கறியைப் போட்டு மறைச்சிருக்கே. என் இடத்துச் சுருள் தனியா நிக்கும், இதுக்குத் துணை தேவைப்படுது."

அத்தான் பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். ஒரே தூரில் காலையில் அறுத்தது ஒரு பானையிலும் சாயங்காலம் அறுத்தது ஒரு பானையிலும் இருந்தன. வருஷாவருஷம் அவள் இதையே சொன்னாள். மண் தெரிந்த நாக்கு என்று ஊரில் வேறு பேர்.

திருட்டு நடப்பதை அவள் முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் புருஷனிடம் சொல்லிப் பொருமினாள். அத்தான் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கவலையோடு கேட்டாராம்.

"நான் வேணா துப்பாக்கியோட போய்க் காவல் இருக்கட்டுமா? இடத்தை மட்டும் சொல்லு."

"ஆசையைப் பாரு."

"இல்ல, ஒரு பொம்பளை தனியா…"

"அவன் ஒழுங்கான திருடன். எந்தத் தூரையும் மொட்டையடிக்கறதில்ல, பாதியை விட்டுட்டுப் போறான். எவளோ நல்லா வளத்திருக்கா. அதுதான் எனக்கு இன்னும் எரியுது."

பிறகு அவள் தீவில் ஒரு பொம்மை நட்டாள். திருடன் ஆள் இருக்கிறது என்று பயந்து ஓட வேண்டும். அதற்கு அத்தானின் பழைய கோட்டையும் தொப்பியையும்தான் மாட்டினாள். அன்று சாயங்காலம் தீவிலிருந்து திரும்பிய அத்தானால் லாரியை ஃபெரியில் ஏற்ற முடியவில்லை. அவ்வளவு சிரிப்பு. நான் ஏறி உட்கார்ந்து ஓட்டிவந்தேன். "ஹாலிஸ், என்னையே எனக்குக் காவல் வெச்சிருக்கா," என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார். மறுநாள் தீவுக்குப் போய்விட்டு வந்த அக்கா ஃபெரியில் ஏறியதும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், அந்தத் திருட்டுப் பயல் என்ன பண்ணியிருக்கான் தெரியுமா? பொம்மையோட கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டிருக்கான்."

"குளிருதுன்னு நெனச்சிருப்பான் அக்கா."

"என் கையில சிக்கட்டும், அவன் குளிரை நான் போக்கறேன்."

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, போன வருஷம்வரை. போன மே மாதம் வெள்ளம் லேசில் வடியவில்லை. சுருள் கொஞ்சமாகத்தான் வந்தது. அதிலும் பாதி போய்விட்டது. விருந்துக்கு இரண்டு பேரும் ஒன்றாக ஃபெரியில் வந்தார்கள். மடியில் ஆளுக்கொரு பானை. வெர்னா லாரியிலிருந்து இறங்கி, ஊசித்தீவின் பக்கம் பார்த்து, பேருந்தில் பேசும் அந்தக் குரலில் சாபம் கொடுத்தாள்.

"என் சுருளைத் தின்னவன் அடுத்த வசந்தத்தைப் பாக்கக் கூடாது. மாரடைச்சுப் போகட்டும்."

அத்தான் லாரிக்குள் இருந்தபடியே தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, "ஆமென்," என்றார்.

பிப்ரவரியில் அவர் கொட்டகைக் கூரையில் பனி தள்ளிவிட்டு உள்ளே வந்தார். பூட்ஸைக் கழற்ற நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பூட்ஸைத்தான் கழற்றியிருந்தார். மாரடைப்பு என்றார்கள்.

எனக்கு அவர் மேல் எவ்வளவு பிரியம் என்று அதுவரை எனக்கே தெரியாது. அடக்கத்தன்று சர்ச் வாசலில் நின்று அழுதேன். ஊர்க்காரர்கள் வரிசையில் வந்து வெர்னாவின் கையைப் பிடித்து வருத்தம் சொன்னார்கள். சொல்லிவிட்டுச் சிலர் குனிந்து அவள் காதில் ஏதோ கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் தலையசைத்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்.

"என்ன கேக்கறாங்கங்கறே? சுருள் இருக்கற எடத்தைச் சொல்லிட்டுப் போனாரான்னு."

"சனியன்கள்."

"அதுல என்ன தப்பு? நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

பனி உருக ஆரம்பித்ததும் அவளுக்கு அது ஒன்றே வேலையாயிற்று. மனுஷன் தன்னிடம் மறைத்தது அந்த ஒன்றுதான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அவர் சட்டைப் பைகளைத் துழாவினாள். வரைபடத்தை வைத்துக்கொண்டு ஓடையாய் ஓடையாய்க் கோடு போட்டாள். ஃபெரி ஓட ஆரம்பித்த அன்றே என் முன்னால் வந்து நின்றாள்.

"அவர் எந்தப் பக்கம் போவார்னு உனக்குத் தெரியும்."

"ஆணி வாங்கப் போவார் அக்கா."

"ஹாலிஸ்."

அந்தக் குரலுக்குச் சின்ன வயதில் நானே சூயிங்கத்தை விழுங்கியிருக்கிறேன். அன்று விழுங்க ஒன்றுமில்லாமல் எச்சிலை விழுங்கினேன். சொல்லவில்லை. அத்தானுக்குக் கொடுத்த வார்த்தை மட்டும் காரணமில்லை. சொன்னால் அடுத்து அவள் என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியும். திருடனுக்கு விட்ட சாபம் அவளுக்கு ஞாபகம் வரும். மாரடைச்சுப் போகட்டும் என்று சொன்ன தன் வாயை அவள் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள். சும்மா இருக்கும்போதே தன் வாக்கு பலிக்கும் என்று நம்புகிறவள் அவள். அவள் சொன்னபடி மழை வந்திருக்கிறது, ஒரு பள்ளி ஆய்வாளருக்குக் கால் முறிந்திருக்கிறது. ஆகவே நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஃபெரியை ஓட்டினேன்.

வெள்ளம் வடிந்து தீவு வெளியே தெரிந்தது. அவள் படகு காலையில் போனது. வழக்கமாகப் பொழுது ஏறுவதற்குள் திரும்பிவிடும். அன்று மதியம் வந்தது. மறுநாள் சாயங்காலம்தான் வந்தது. அதற்கடுத்த நாள் ஃப்ளாஸ்க்கும் மடக்கு நாற்காலியும் படகில் போனதைப் பார்த்தேன். திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறாள் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விருந்துச் சனிக்கிழமை அத்தானின் லாரியை அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் ஃபெரியில். பக்கத்து சீட்டில் இரண்டு பானைகள் இருந்தன. ஒன்றின் மூடி இடுக்கிலிருந்து உப்புக்கறியும் வெங்காயமும் வினிகருமாக வாசனை வந்தது.

"வா, வந்து ருசி பாரு," என்றாள்.

ஒரு பானையிலிருந்து ஒரு கரண்டி. இன்னொன்றிலிருந்து ஒரு கரண்டி. நான் மென்று விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மண்ணு ஒண்ணா, வேறயா?"

நான் கரண்டியைத் துடைத்து அவளிடம் நீட்டினேன்.

"மொத நாள் போனேன். ஒரு தூர்லகூடக் கை படல. திருடனுக்கு உடம்பு சரியில்ல போலன்னு நெனச்சேன். மறுநாளும் வரல. அவனுக்குன்னு பாதி விட்டுவெச்சேன், அப்படியே விரிய ஆரம்பிச்சிடுச்சு. மூணாம் நாள் நாற்காலி போட்டு உக்காந்து, வந்து தொலையேண்டான்னு வேண்டிக்கிட்டேன் ஹாலிஸ். திருடன் வரணும்னு வேண்டிக்கிட்டேன்."

ஃபெரியை இழுக்கும் கம்பி வடம் கரகரவென்று தண்ணீரிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன்.

"எல்லாம் தெரிஞ்சும் நீ வாயைத் தெறக்கல."

"தெரியும் அக்கா."

"நான் சாபம் விட்டப்பவும் இங்கதான் நின்னே."

"நின்னேன்."

அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். அத்தானின் நெஞ்சு முன்பே பழுது என்று டாக்டர் சொன்னதைச் சொல்லலாமா, அத்தானின் அப்பாவுக்கும் நெஞ்சு வலிதானே என்று சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. என்னை ஏமாத்திட்டுத் திரும்பி வரப்ப அந்தத் திருடன் சிரிச்சானா?"

"சிரிக்காத நாளே கிடையாது அக்கா."

"சாபம் விட்ட அன்னைக்கு?"

"அன்னைக்கு நீ கூடத்துக்குள்ள போனப்புறம் என்கிட்ட வந்தார். கண்ணுல தண்ணி முட்டச் சிரிச்சார். இவ்வளவு வருஷம் இவகூட வாழ்ந்தும் ஒரு நாள்கூட அலுக்கலடான்னார்."

இதை நான் இட்டுக்கட்டவில்லை. அவர் சொன்னது அப்படியேதான். அத்தனை நாள் அதை அவளிடம் சொல்லாமல் எப்படி இருந்தேன் என்றுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வெர்னா ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன். அழுகையும்தான். ஆனால் நடுவில், "பொத்தான் போட்டுவிட்டிருக்கான், தடியன்," என்று அவள் சொல்வது காதில் விழுந்தது. அதற்குமேல் என்னாலும் முடியவில்லை. இரண்டு பேரும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அக்கரை போய்ச் சேர்ந்தோம்.

நான் தடுப்பைத் தூக்கினேன். லாரி நகரவில்லை.

"கூடத்துல காத்திட்டிருப்பாங்க அக்கா. சுருள் ஆறிடும்."

"ஆறட்டும். திரும்பிப் போ."

"எங்க?"

"எங்கயாவது போயேன், இக்கரை அக்கரைதானே உன் பொழப்பு. அந்த மனுஷன் என்னை என்னவெல்லாம் பண்ணினார்னு ஒண்ணு விடாம சொல்லிக்கிட்டே ஓட்டு. நான் சொல்றவரைக்கும் நிறுத்தாதே."

நான் தடுப்பை இறக்கி, இன்ஜினைப் போட்டேன்.